புதிய பெட் ட்ரேசரைச் சோதிக்க எந்த வழி? பிராஸ்டேட் புற்றுநோய் ஆய்வுகளை வைத்து ஓர் ஒப்பீடு

ஒரு புதிய பெட் ட்ரேசர், அதாவது பெட் ஸ்கேனில் நோயுள்ள இடத்தை ஒளிரச் செய்வதற்காக உடலில் செலுத்தும் கதிரியக்கப் பொருள், விலங்குச் சோதனைகளைக் கடந்துவிட்டது, முதல் சில மனிதர்களுக்குப் பாதுகாப்பாகச் செலுத்தப்பட்டுவிட்டது, படத்தில் கட்டியும் பளிச்சென்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி நிதி தருபவரிடமிருந்தும் நெறிமுறைக் குழுவிடமிருந்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும்: இது புற்றுநோயைச் சரியாகக் காட்டுகிறது என்பதை எப்படி நிரூபிக்கப் போகிறீர்கள்? சிகிச்சை மருந்தாக இருந்தால் கட்டி சுருங்கியதா, நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்று பார்க்கலாம். ட்ரேசர் எதையும் குணப்படுத்துவதில்லை. உடலின் ஓர் இடத்தைச் சுட்டி, நோய் இங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அந்தச் சொல் சரியா என்று தீர்மானிக்க, அந்த இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பது வேறு வழியில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உண்மையை எங்கிருந்து, எந்த நோயாளிகளிடமிருந்து பெறுவது என்ற இடத்தில்தான் ஆய்வு வடிவங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிகின்றன.

இந்தத் தேர்வை அலசுவதற்குப் பிராஸ்டேட் புற்றுநோயைவிட வசதியான களம் கிடைக்காது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த ஒரே நோய்க்கு 2012-இல் கார்பன்-11 கோலின், 2016-இல் ஃப்ளூசிக்ளோவின், 2020 டிசம்பரில் காலியம்-68 பி.எஸ்.எம்.ஏ.-11, 2021 மே மாதத்தில் பிஃப்ளூஃபோலாஸ்டாட், 2023 மே மாதத்தில் ஃப்ளோட்டூஃபோலாஸ்டாட் என்று அடுத்தடுத்து ட்ரேசர்களுக்கு அனுமதி கொடுத்தது. இவற்றுள் கடைசி மூன்றும் புற்றணுவின் மேற்பரப்பில் மிகுதியாக இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைப் பற்றிக்கொள்பவை. ஒரே நோய், ஒன்றுக்கொன்று நெருக்கமான மூலக்கூறுகள், ஆனால் வெவ்வேறு ஆய்வு வடிவங்கள். எனவே எண்களில் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு மருந்தினுடையது, எவ்வளவு ஆய்வு வடிவத்தினுடையது என்று ஓரளவு பிரித்துப் பார்க்க முடிகிறது. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: எந்த வடிவமும் தனியாகப் போதாது, ஆனால் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதே நோயாளியிடம் புதியதையும் பழையதையும் அடுத்தடுத்துச் செலுத்தி, இரண்டுக்கும் ஒரே உண்மைச் சான்றை வைத்து அளக்கும் ஆய்வுக்கே நான் கையெழுத்திடுவேன்.

முதற்கட்டச் சோதனையைப் பற்றி இங்கே அதிகம் பேசத் தேவையில்லை. ட்ரேசரில் செலுத்தப்படும் பொருளின் அளவு பொதுவாக மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும். உடலில் மருந்து விளைவு ஏற்படுத்துமளவுக்கு அது போதாது. எந்த உறுப்பு எவ்வளவு கதிர்வீச்சை வாங்குகிறது, ஊசி போட்டு எத்தனை நிமிடம் கழித்துப் படமெடுத்தால் கட்டிக்கும் சுற்றுத் திசுவுக்கும் இடையிலான வேறுபாடு நன்றாகத் தெரிகிறது ஆகிய இரண்டும் தெரிந்துவிட்டால் அந்தக் கட்டம் முடிந்தது. சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களிடம் சோதிப்பது

முதல் வழி மிகவும் நேரானது. பிராஸ்டேட்டையும் இடுப்பு நிணநீர்க் கணுக்களையும் அகற்றும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கும் நோயாளிக்கு முன்கூட்டியே பெட் எடுக்க வேண்டும். அறுவையில் எடுத்த கணுக்களை நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்த பிறகு, படத்தில் ஒளிர்ந்ததையும் கண்ணாடித் தகட்டில் தெரிந்ததையும் ஒப்பிட வேண்டும். இதைவிட உறுதியான உண்மைச் சான்று கிடையாது. நோயுள்ள இடத்தை விடாமல் பிடிக்கும் உணர்திறன், நோயில்லாத இடத்தை நோயற்றது என்றே விட்டுவிடும் தனித்தன்மை ஆகிய இரண்டையும் சேர்த்து அளக்க முடிவது இந்த வழியில்தான். ஒளிராத கணுவும் வெட்டி எடுக்கப்பட்டுச் சோதிக்கப்படுகிறது என்பதே காரணம்.

பிஃப்ளூஃபோலாஸ்டாட்டைச் சோதித்த ஆஸ்ப்ரே ஆய்வின் முதல் பிரிவு இப்படித்தான் நடந்தது. அதிக ஆபத்துள்ள 252 நோயாளிகளின் படங்களை, அவர்களைப் பற்றிய விவரம் மறைக்கப்பட்ட மூன்று மருத்துவர்கள் தனித்தனியாக வாசித்தார்கள். தனித்தன்மை ஏறத்தாழ 98 விழுக்காடு. உணர்திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு. முன்கூட்டியே வகுத்த இரண்டு இலக்குகளில் தனித்தன்மைக்கான இலக்கை ஆய்வு எட்டியது. உணர்திறனுக்கான இலக்கைத் தவறவிட்டது. கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ், சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகங்கள் காலியம்-68 பி.எஸ்.எம்.ஏ.-11-ஐச் சோதித்தபோது கிடைத்த எண்களும் அச்சில் வார்த்தாற்போல இருந்தன: உணர்திறன் 40, தனித்தன்மை 95. வேறு மூலக்கூறு, வேறு கதிரியக்கத் தனிமம், வேறு மையங்கள், ஆனாலும் அதே நாற்பது. இந்த ஒற்றுமை மருந்தைப் பற்றிச் சொல்வதைவிட ஆய்வு வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது.

காரணம் நுண்ணோக்கியில் இருக்கிறது. கணுவின் ஓரத்தில் 2 மி.மீ. அகலத்தில் ஒட்டியிருக்கும் புற்றணுத் திட்டையும் நோயியல் மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார்; அந்தக் கணு நோயுள்ள கணு என்று பதிவாகும். பெட் கருவியின் பிரிதிறனோ 4, 5 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. அத்தனை சிறிய திட்டில் ட்ரேசர் எவ்வளவுதான் சேர்ந்தாலும் அதன் ஒளி சுற்றிலும் பரவிக் கரைந்துவிடும். ஆகவே இங்கே உணர்திறன் என்ற எண்ணுக்கு மேலே கருவியின் இயற்பியல் ஓர் உச்சவரம்பு போட்டு வைத்திருக்கிறது. எந்த ட்ரேசரைக் கொண்டுவந்தாலும் அந்தக் கூரையில் முட்டிக்கொள்ளும். புதிய ட்ரேசருக்கு இந்த வடிவத்தில் உணர்திறனை முதன்மை இலக்காக வைப்பவர்கள் தோல்வியை முன்பதிவு செய்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. எளிதில் கண்ணில் படாதது. கலிஃபோர்னியா ஆய்வில் பெட் எடுத்துக்கொண்டவர்கள் 764 பேர்; அவர்களுள் கணுக்களையும் அகற்றும் அறுவை சிகிச்சை வரை சென்றவர்கள் 277 பேர் மட்டுமே. மற்றவர்கள் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கோ வேறு சிகிச்சைக்கோ சென்றார்கள். படத்தில் எலும்பிலும் தொலைதூரக் கணுக்களிலும் நோய் வெளிப்படையாகத் தெரிந்தவருக்கு அறுவை மருத்துவர் கத்தியை எடுக்கத் தயங்குவது இயல்பு. அதாவது ட்ரேசர் மிகச் சிறப்பாக வேலை செய்த நோயாளிகளே உண்மை தெரியும் கூட்டத்திலிருந்து கழன்றுவிடுகிறார்கள். எஞ்சியவர்களிடம் இருப்பது பெரும்பாலும் கண்ணுக்குப் படாத நுண்ணிய நோய். ட்ரேசர் சொன்ன பதிலே யாரைச் சரிபார்ப்பது என்பதைத் தீர்மானித்தால், கிடைக்கும் உணர்திறன் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும்.

ஒளிர்ந்த கணுவும் தகட்டில் வந்த கணுவும் ஒன்றுதானா என்பதிலும் நடைமுறைத் தொல்லை உண்டு. அறுவை மருத்துவர் கொழுப்போடு சேர்த்து ஒரு கொத்தாக எடுத்து அனுப்புவதில் பதினைந்து இருபது கணுக்கள் இருக்கலாம். ஆகவே கணுவுக்குக் கணு ஒப்பிடாமல் இடது இடுப்புப் பகுதி, வலது இடுப்புப் பகுதி என்று பகுதிவாரியாக ஒப்பிடுகிறார்கள். படத்தில் காட்டிய கணு உடலிலேயே தங்கிவிட்டு, அதே பகுதியிலிருந்து வேறொரு நோயுற்ற கணு வந்திருந்தாலும் கணக்கில் அது சரி என்றே விழும்.

நோய் திரும்பியவர்களிடம் சோதிப்பது

சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்து இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற பிராஸ்டேட் புரதத்தின் அளவு மெல்ல ஏறத் தொடங்குகிறது, சி.டி.யிலும் எலும்பு ஸ்கேனிலும் ஒன்றும் தெரிவதில்லை. எங்கோ நோய் இருக்கிறது என்பது உறுதி, எங்கே என்பதுதான் தெரியாது. பெட் ட்ரேசர் மிகுந்த பயன் தரக்கூடிய இடம் இதுதான் என்பதால், பெரும்பாலான ஆய்வுகள் இந்த நோயாளிகளையே தேடிப் போகின்றன. ஆள் சேர்ப்பதும் எளிது; இந்த நிலையில் இருக்கும் ஒருவர் புதிய ஸ்கேன் ஒன்று இருக்கிறது என்றால் மறுக்கமாட்டார்.

ஆனால் உண்மைச் சான்று இங்கே கைக்குச் சிக்குவதில்லை. 2019-இல் வெளியான காலியம்-68 பி.எஸ்.எம்.ஏ.-11 ஆய்வில் 635 பேர் இருந்தார்கள். அவர்களுள் 475 பேரிடம், அதாவது 75 விழுக்காட்டினரிடம், ஸ்கேன் ஏதோ ஓர் இடத்தைக் காட்டியது. அந்த இடத்திலிருந்து திசு எடுத்துச் சரிபார்க்க முடிந்தவர்கள் 87 பேர். அவர்களிடம் ஸ்கேன் சுட்டியவற்றில் உண்மையானவை 84 விழுக்காடு. திசுவோடு, பின்னர் எடுத்த படங்களையும் சிகிச்சைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. இறங்கியதா என்பதையும் சேர்த்துக் கூட்டுச் சான்றாக எடுத்துக்கொண்டால் சரிபார்க்க முடிந்தவர்கள் 217 பேர். உண்மையானவற்றின் பங்கு 92 விழுக்காடாக உயர்ந்தது. 635, 475, 217, 87 என்ற இந்த இறங்குவரிசையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் இந்த வடிவத்தின் பலவீனம் புரிந்துவிடும். இடுப்பு எலும்பின் உள்பக்கத்தில் 5 மி.மீ. புள்ளி ஒன்று ஒளிர்கிறது என்பதற்காக எழுபது வயதுக்காரர் ஒருவரை ஊசிக் குத்தலுக்கு உட்படுத்துவது பல நேரங்களில் நியாயமாகாது. ஊசி குறி தவறி நல்ல எலும்பிலிருந்து துணுக்கு எடுத்து வந்தால், ட்ரேசர் சரியாகவே சொன்னது தவறென்று பதிவாகும் அபாயமும் உண்டு.

பிஃப்ளூஃபோலாஸ்டாட்டின் இரண்டாவது பெரிய ஆய்வான காண்டார், வழக்கமான படங்களில் எதுவும் தெரியாத 208 பேரை எடுத்துக்கொண்டு, இந்தக் கூட்டுச் சான்றுக்கு ஒரு படிநிலை வகுத்தது: திசு கிடைத்தால் அதுவே முதன்மை, கிடைக்காவிட்டால் வேறு படங்கள், அதுவும் இல்லையென்றால் கதிர்வீச்சுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. குறைந்த அளவு. ஸ்கேன் சுட்டிய இடம் சரியென்று உறுதியான விகிதம் மூன்று வாசிப்பாளர்களிடமும் 85-க்கும் 87-க்கும் இடையில் இருந்தது. படிநிலையை முன்கூட்டியே எழுதி வைத்தது பாராட்டத்தக்கது. எனினும் இந்த வடிவம் ஒரு கேள்விக்குப் பதிலே தருவதில்லை: ஸ்கேன் ஒன்றும் இல்லை என்று சொன்ன இடங்களில் என்ன இருந்தது? ஒளிராத இடத்தில் யாரும் ஊசி குத்திப் பார்ப்பதில்லை. ஆகையால் இங்கே உணர்திறனும் தனித்தன்மையும் அவற்றின் முழுப் பொருளில் கிடைக்கமாட்டா. சுட்டியதில் எவ்வளவு உண்மை என்ற பங்கு மட்டுமே கிடைக்கும்.

இந்தக் களத்தின் விளம்பரத் தாள்களில் முதலில் கண்ணில் படுவது கண்டறி விகிதம், அதாவது ஸ்கேனில் ஏதாவது ஒன்று தெரிந்தவர்களின் பங்கு. அதை மட்டும் நம்பி மதிப்பிடுவது ஆபத்தானது. எல்லாரிடமும் ஏதாவது ஒன்றை ஒளிரச் செய்யும் மோசமான ட்ரேசருக்குக்கூட அந்த எண் நூறாக இருக்கும். ஃப்ளோட்டூஃபோலாஸ்டாட்டைச் சோதித்த ஸ்பாட்லைட் ஆய்வு இதைத் திறந்தே காட்டியது: கண்டறி விகிதம் 83 விழுக்காடு, சான்றோடு உறுதியான கண்டறி விகிதம் 57 விழுக்காடு. இரண்டுக்கும் இடைப்பட்ட 26 புள்ளிகளில் தவறாகச் சுட்டியவையும் இருக்கும், சரியாகச் சுட்டியும் சான்று கிடைக்காதவையும் இருக்கும். எது எவ்வளவு என்று அந்த வடிவம் பிரித்துச் சொல்லாது. மேலும் கண்டறி விகிதம் யாரைச் சேர்த்தீர்கள் என்பதைப் பொறுத்தே ஆடும். மேலே சொன்ன 635 பேரின் ஆய்வில் பி.எஸ்.ஏ. 0.5-க்குக் கீழே இருந்தவர்களிடம் அது 38 விழுக்காடு. 5-க்கு மேலே இருந்தவர்களிடம் 97. இரண்டு ட்ரேசர்களைச் சோதித்த இரண்டு தனித்தனி ஆய்வுகளின் கண்டறி விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதுவே சிறந்தது என்று எழுதும் கட்டுரைகளை அதனால்தான் நான் பாதிக்கு மேல் படிப்பதில்லை.

ஒரே நோயாளியிடம் இரண்டு ட்ரேசர்கள்

மூன்றாவது வழி இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதியை ஒரே வீச்சில் அகற்றிவிடுகிறது. அதே மனிதர், அதே பி.எஸ்.ஏ., சில நாள் இடைவெளியில் இரண்டு ஸ்கேன்கள். நோயாளிக்கு நோயாளி உள்ள வேறுபாடு கணக்கிலிருந்து நீங்கிவிடுவதால் சிறிய எண்ணிக்கையே போதும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு. அறுவைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. 0.2-க்கும் 2.0-க்கும் இடையில் இருந்த 50 பேருக்கு ஃப்ளூசிக்ளோவினும் காலியம்-68 பி.எஸ்.எம்.ஏ.-11-உம் தனித்தனியாகச் செலுத்தப்பட்டன. முன்னது 26 விழுக்காட்டினரிடமும் பின்னது 56 விழுக்காட்டினரிடமும் நோயைக் காட்டின. ஐம்பதே பேர், ஆனால் விடையில் மழுப்பலே இல்லை.

கதிரியக்கத் தனிமங்களின் ஆயுள் இந்த வடிவத்துக்கு ஒத்துழைக்கிறது. ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடம், காலியம்-68-இன் அரை ஆயுள் 68 நிமிடம். இன்று செலுத்தியது மறுநாள் படத்தில் குறுக்கிடாது. நோயாளிக்கு இரண்டாவது ஊசி, இரண்டாவது முறை கருவியில் படுப்பு, இரண்டாவது கதிர்வீச்சு ஆகியவை கூடுதல் சுமை என்பதை மறுக்க முடியாது. அந்தச் சுமையை நெறிமுறைக் குழுவுக்கு விளக்கும்போது, ஐநூறு பேரை ஒரு முறை படமெடுப்பதா, ஐம்பது அறுபது பேரை இரு முறை படமெடுப்பதா என்று கேட்டால் விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் படவாசிப்பு அறை. வாசிப்பாளரிடமிருந்து ட்ரேசரின் பெயரை மறைக்கலாம். படத்தை மறைக்க முடியாது. பி.எஸ்.எம்.ஏ.-11 சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பை கரி போலக் கறுத்துத் தெரியும்; அதே புரதத்தைப் பற்றும் இன்னொரு ட்ரேசரான பி.எஸ்.எம்.ஏ.-1007 பெரும்பாலும் கல்லீரல் வழியாக வெளியேறுவதால் சிறுநீர்ப்பை வெளிறியிருக்கும். அனுபவமுள்ள அணுமருத்துவர் முதல் படத்தைப் பார்த்ததுமே எது எதுவென்று கண்டுபிடித்துவிடுவார். இந்த வேறுபாட்டுக்கு மருத்துவப் பொருளும் உண்டு. அறுவைக்குப் பிறகு நோய் முதலில் திரும்பும் இடம் பெரும்பாலும் சிறுநீர்ப்பையின் கழுத்தை ஒட்டியே இருக்கும். கறுத்த சிறுநீர்ப்பை அதை விழுங்கிவிடும். சிறுநீர்க் குழாயில் தேங்கிய ஒரு சொட்டுச் சிறுநீரைக் கணு என்று எண்ணிவிடவும் வாய்ப்புண்டு. அதற்காகக் கல்லீரல் வழி செல்லும் மருந்தே மேல் என்று முடிவுகட்டிவிட முடியாது. பி.எஸ்.எம்.ஏ.-1007 கொடுத்தவர்களின் விலா எலும்புகளில் புற்றுநோயோடு தொடர்பில்லாத சிறு ஒளிர்வுகள் அடிக்கடி தெரிகின்றன. புதிதாக வாசிப்பவர் அவற்றை எலும்புப் பரவல் என்று எழுதிவிட்டால், குணப்படுத்தக்கூடிய ஒருவருக்கு அந்தச் சிகிச்சையே மறுக்கப்படலாம். இரண்டு ட்ரேசர்களும் ஒரே நோயாளியிடம் இருக்கும்போது, ஒன்றில் தெரிந்து மற்றதில் தெரியாத புள்ளிகளின் பட்டியல் தானாகவே கிடைத்துவிடுகிறது. திசுச் சோதனைக்கான பணத்தையும் நோயாளியின் பொறுமையையும் அந்தப் பட்டியலின் மீது செலவிடுவதுதான் மிகுந்த பயன் தரும். இரண்டிலும் தெரிந்த புள்ளிகளைச் சரிபார்ப்பதால் ஒப்பீட்டுக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. இந்த வடிவத்தை நான் விரும்புவதற்குச் சிறிய எண்ணிக்கையைவிட இதுவே பெரிய காரணம்.

லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வின் குறையும் இங்கேதான். அதன் முதன்மை அளவு கண்டறி விகிதமே. 26-க்கும் 56-க்கும் இடையிலான இடைவெளி மிகப் பெரியது என்பதால் அங்கே அது போதுமாக இருந்தது. இன்று வரும் புதிய ட்ரேசர், முன்பே நன்றாக வேலை செய்யும் ஒரு பி.எஸ்.எம்.ஏ. ட்ரேசரோடு போட்டியிட வேண்டும். இடைவெளி ஐந்தாகவோ பத்தாகவோ இருக்கலாம். அந்தச் சிறிய இடைவெளி விலா எலும்புப் புள்ளிகளால் மட்டுமே நிரம்பியதாகவும் இருக்கக்கூடும்.

சமவாய்ப்பு முறையில் பிரித்து, பின்விளைவைப் பார்ப்பது

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் புதிய ஸ்கேன், மறுபாதிக்கு வழக்கமான ஸ்கேன் என்று கொடுப்பது மருத்துவ ஆய்வின் அரச பாதை. ஆஸ்திரேலியாவில் பத்து மையங்களில் 302 பேரைச் சேர்த்து நடந்த புரோ-பி.எஸ்.எம்.ஏ. ஆய்வு 2020-இல் வெளியானபோது இத்துறையின் போக்கே மாறியது. நோயின் பரவலைச் சரியாகச் சொல்வதில் பி.எஸ்.எம்.ஏ. பெட்டின் துல்லியம் 92 விழுக்காடு, சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65 விழுக்காடு. நோயாளி வாங்கிய கதிர்வீச்சும் 19.2 மில்லிசீவர்ட்டிலிருந்து 8.4-ஆகக் குறைந்தது. இந்த ஆய்வைக் கூர்ந்து பார்த்தால், குலுக்கல் இருந்தாலும் அளந்தது துல்லியத்தைத்தான், வாழ்நாளை அல்ல என்பது தெரியும். உண்மைச் சான்றும் ஆறு மாதப் பின்தொடர்தலோடு கூடிய கூட்டுச் சான்றுதான். துல்லியத்தை அளப்பது மட்டுமே நோக்கம் என்றால் அதே நோயாளியிடம் இரண்டையும் எடுப்பது சிக்கனமானது. குலுக்கலின் தனிச்சிறப்பு, முதலில் எந்த ஸ்கேன் கிடைத்தது என்பதைப் பொறுத்து மருத்துவர் என்ன செய்தார் என்பதைக் கலப்பில்லாமல் காட்டுவதில் இருக்கிறது.

பின்விளைவையே அளந்த ஆய்வு எமரி பல்கலைக்கழகத்தின் எம்பயர்-1. அறுவைக்குப் பின் நோய் திரும்பிய 165 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான படங்களை வைத்தும், மறு பிரிவினருக்கு ஃப்ளூசிக்ளோவின் பெட்டைச் சேர்த்தும் கதிர்வீச்சுச் சிகிச்சை திட்டமிடப்பட்டது. மூன்றாண்டு முடிவில் நோய் மீண்டும் தலைகாட்டாதவர்கள் முதல் பிரிவில் 63 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 75.5 விழுக்காடு. ஒரு ட்ரேசரைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றில் இதைவிட மதிப்புள்ள வாக்கியம் கிடையாது. ஆனால் ஆள் சேர்ப்பு 2012-இல் தொடங்கி 2019-இல்தான் முடிந்தது. முடிவு 2021-இல் வெளியானது. அதற்குள் மேலே சொன்ன ஐம்பது பேர் ஆய்வு ஃப்ளூசிக்ளோவினைப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. ட்ரேசர்கள் மாறும் வேகத்துக்கு இந்த வடிவம் ஈடுகொடுப்பதில்லை.

அதற்காக இதை ஒதுக்கிவிடவும் கூடாது. பெட்டின் வரலாற்றில் அறிவை உண்மையாகவே நகர்த்திய சில ஆய்வுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. நெதர்லாந்தில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 188 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், எஃப்.டி.ஜி. என்ற சர்க்கரை போன்ற ட்ரேசரைக் கொண்டு எடுக்கும் பெட்டைச் சேர்த்தபோது பயனற்றுப்போன மார்பறுவைகள் 41 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைந்தன. பிரிட்டனில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 564 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், பெட் பார்த்துத் தேவையானவருக்கு மட்டும் கழுத்தறுவை செய்த பிரிவில் 54 அறுவைகளும், எல்லாருக்கும் திட்டமிட்டே அறுவை செய்த பிரிவில் 221 அறுவைகளும் நடந்தன. இரண்டாண்டு உயிர்வாழ்வு பெட் பிரிவில் 84.9 விழுக்காடு, மறுபிரிவில் 81.5. இரண்டிலும் பொதுவாக இருப்பது, ஸ்கேனின் பதில் ஒரு பெரிய அறுவையைச் செய்வதா வேண்டாமா என்ற ஒரே முடிவோடு நேரடியாகக் கட்டப்பட்டிருந்தது என்பதுதான். அப்படி ஒரு கட்டு இருக்கும் இடத்தில் குலுக்கல் ஆய்வுக்குச் செலவிடலாம். ஸ்கேனுக்குப் பிறகு மருத்துவர் பத்து வழிகளில் எதையும் தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலையில், கடைசியில் தெரியும் வேறுபாடு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சிகிச்சைத் திட்டம் எத்தனை பேருக்கு மாறியது என்று கணக்கிடும் வழி ஒன்றும் உண்டு. அதை நான் ஐந்தாவது வழியாகக்கூட எண்ணமாட்டேன். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் பெட் பதிவேடு ஏறத்தாழ 23 ஆயிரம் ஸ்கேன்களைத் தொகுத்து, 36.5 விழுக்காட்டில் மருத்துவரின் திட்டம் மாறியதாக 2008-இல் அறிவித்தது. காண்டார் ஆய்வில் அது 63.9 விழுக்காடு. காப்பீட்டுத் தொகை வழங்குவதா என்று தீர்மானிக்க இத்தகைய எண்கள் உதவும். ஆனால் தவறான ஸ்கேனும் திட்டத்தை மாற்றும். மாற்றம் நல்லதற்கா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. இதோடு இன்னொரு மாயமும் சேர்ந்துகொள்கிறது. கூர்மையான ஸ்கேன், முன்பு ஆரம்ப நிலை என்று எண்ணப்பட்ட சிலரிடம் பரவலைக் கண்டு அவர்களை முற்றிய நிலைக்கு மாற்றுகிறது. ஆரம்ப நிலைக் கூட்டத்திலிருந்து மோசமானவர்கள் நீங்கியதால் அதன் சராசரி ஆயுள் உயரும். முற்றிய நிலைக் கூட்டத்தில் அதற்கு முன் இருந்தவர்களைவிட நல்ல நிலையில் உள்ளவர்கள் சேர்ந்ததால் அதன் சராசரியும் உயரும். ஒருவர்கூடக் கூடுதலாக ஒரு நாள் வாழாமலேயே இரண்டு கூட்டங்களும் முன்னேறியதாகத் தோன்றும். பழைய பதிவேடுகளோடு புதிய ஸ்கேன் காலத்தை ஒப்பிடும் கட்டுரைகளில் இதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

யாரிடம் சோதித்தோம் என்பதும் வடிவத்தின் பகுதி

இந்தியாவில் இருந்து இந்த எண்களைப் படிப்பவர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நுரையீரல் முடிச்சுகளை எஃப்.டி.ஜி. பெட்டால் பிரித்தறியும் ஆய்வுகள் எழுபதைத் தொகுத்து 2014-இல் வெளியான பகுப்பாய்வில், காசநோய் போன்ற நுரையீரல் தொற்றுகள் பரவலாக உள்ள பகுதிகளில் தனித்தன்மை 61 விழுக்காடாகவும், அவை அரிதான பகுதிகளில் 77 விழுக்காடாகவும் இருந்தது. ட்ரேசர் அதேதான், மாறியது சோதிக்கப்பட்ட மக்கள்தான். பி.எஸ்.எம்.ஏ. ட்ரேசர்களும் காசநோய்க் கணுக்களில் சேர்வதாகத் தனிநோயாளி அறிக்கைகள் வந்துள்ளன. ஆகவே லாஸ் ஏஞ்சலிஸிலோ மெல்பர்னிலோ அளந்த தனித்தன்மையைச் சென்னைக்கோ மும்பைக்கோ அப்படியே எடுத்து வருவதற்கு முன், மார்புக் கணுக்கள் ஒளிர்ந்த நோயாளிகளிடம் மட்டுமாவது திசுச் சான்று தேடும் ஒரு சிறிய உள்ளூர் ஆய்வு தேவை. பெரிய ஆய்வை முழுவதுமாகத் திரும்ப நடத்த வேண்டியதில்லை.

என் தேர்வு

மொத்தத்தில், ஒரு புதிய பிராஸ்டேட் ட்ரேசருக்கு நான் திட்டம் எழுதினால், அறுவைக்குப் போகும் ஒரு சிறு கூட்டத்தில் தனித்தன்மையை மட்டும் முதன்மை இலக்காக வைத்து அளந்துவிட்டு, ஆய்வின் பெரும்பணத்தை நோய் திரும்பியவர்களிடம் ஒரே நோயாளி, இரண்டு ட்ரேசர் என்ற வடிவத்தில் செலவிடுவேன். எந்த ஸ்கேன் முதலில் என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பேன். இரண்டு படங்களுக்கும் இடையில் சிகிச்சை தொடங்கக்கூடாது. தொடங்கினால் பின்னதில் கட்டி மங்கித் தெரியும். வாசிப்பவர்கள் மூவரும் ஆய்வு நடக்கும் மருத்துவமனைக்கு வெளியே இருப்பவர்களாக இருக்க வேண்டும். புதிய ட்ரேசரில் இயல்பாக ஒளிரும் இடங்களை, வயிற்றின் ஆழத்தில் உள்ள நரம்பு முடிச்சுகள் உட்பட, அவர்களுக்கு முன்னதாகவே பயிற்றுவித்திருக்க வேண்டும். முரண்படும் புள்ளிகளுக்கு முடிந்தவரை திசு. முடியாதபோது, எந்த ஸ்கேன் சொன்னது என்று தெரியாத ஒரு குழு பின்தொடர்தலை வைத்துத் தீர்ப்பளிக்க வேண்டும். பி.எஸ்.ஏ. 0.5-க்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆய்வில் ஒரு குறைந்தபட்ச ஒதுக்கீடு வைப்பேன், பி.எஸ்.ஏ. ஏறியவர்களை மட்டும் சேர்த்தால் எந்த ட்ரேசரும் நல்ல ட்ரேசராகத் தெரியும்.

தயாரிப்பும் இந்தத் தேர்வைக் கட்டுப்படுத்தும். காலியம்-68 மருத்துவமனையிலேயே ஜெனரேட்டர் எனப்படும் ஒரு கலத்திலிருந்து கறந்தெடுக்கப்படுகிறது. அதன் உள்ளே இருந்து, சிதைந்து காலியம்-68 ஆக மாறும் ஜெர்மானியம்-68-இன் அரை ஆயுள் 271 நாள் என்பதால், மாதங்கள் செல்லச் செல்ல ஒவ்வொரு கறப்பிலும் கிடைக்கும் அளவு குறையும். பல மையங்களில் நடக்கும் ஆய்வில் ஒரு மையத்தில் புது ஜெனரேட்டரும் இன்னொன்றில் பழையதும் இருந்தால், செலுத்தும் அளவும் படத்தின் தெளிவும் வேறுபடும். குறைந்தபட்ச அளவை ஆய்வுத் திட்டத்தில் எழுதி, அதற்குக் கீழே போனால் அன்றைய ஸ்கேனை ஒத்திவைக்க வேண்டும். ஃப்ளோரின்-18 ட்ரேசரை, அந்தத் தனிமத்தை உருவாக்கும் துகள்முடுக்கியான ஒரே சைக்ளோட்ரானிலிருந்து பல மருத்துவமனைகளுக்கு வண்டியில் அனுப்பலாம் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

நோய் மாறினால் என் தேர்வும் மாறும். சிறுநீரகத்தில் தற்செயலாகக் கண்டறியப்படும் கட்டிகளுக்கான சிர்க்கோனியம்-89 கிரென்டுக்சிமாப் ட்ரேசர் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. எதிர்ப்புரதம் ஒன்றின் மீது ஏற்றப்பட்ட அந்தத் தனிமத்தின் அரை ஆயுள் 78 மணி நேரம். ஊசி போட்டு ஏறத்தாழ ஐந்து நாள் கழித்துத்தான் படமெடுக்கிறார்கள். அங்கே சில நாள் இடைவெளியில் இன்னொரு ட்ரேசரைக் கொடுப்பது எளிதல்ல. அதே வேளையில் அந்த நோயாளிகளின் கட்டி எப்படியும் அகற்றப்படவிருந்தது; அகற்றப்படும் கட்டி பெட்டுக்குத் தெரியுமளவுக்குப் பெரியதாகவும் இருந்தது. ஆகவே சிர்க்கான் என்ற அந்த ஆய்வு முதல் வழியை மட்டும் பின்பற்றி, மதிப்பிட முடிந்த 284 பேரிடம் உணர்திறன் 86, தனித்தன்மை 87 விழுக்காடு என்று இரண்டையும் திசுச் சான்றோடு காட்டியது, 2 மி.மீ. திட்டுகளின் தொல்லையும், ஸ்கேன் முடிவால் நோயாளிகள் கழன்றுபோகும் தொல்லையும் அங்கே பெரிதாக எழவில்லை.